விசுவாசமும் நடக்கையும் – 9: தஞ்சைக் கோட்டைக்கு நெல் வந்த கதை

ஒருவருடைய பக்தி மெய்யானதா என்று அறிய விரும்புகிறவர்கள் அவரையே கேட்பதில் பயனில்லை. அவரோடு ஒரே ஆலயத்தில் அமர்ந்து ஒரே ஞானப்பாட்டைப் பாடுகிறவர்களைக் கேட்பதிலும் பெரிய பயன் இராது. ஏனெனில், சபையார் தங்கள் சபையைச் சேர்ந்த ஒருவரைப் புகழும்போது அந்தப் புகழில் பாதி தங்களுக்கே வந்து சேர்வதை உள்ளூர அறிந்துதான் புகழ்கிறார்கள். அவருக்கு நெல் விற்றவனையும், அவரிடம் கூலிக்கு வேலை செய்தவனையும், அவரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவனையும், அவருடைய மதத்தைத் தழுவும் எண்ணம் கனவிலும் இல்லாதவனையும் அழைத்துக் கேட்க வேண்டும். அத்தகையோர் சொல்லும் சாட்சியில் தாட்சணியம் இராது. நயந்து பேச வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

சென்ற வாரம், ஜெர்மனி தேசத்து ஹாலே நகரில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே நிறுவிய அநாதைச் சாலையையும், இருதயத்தில் பிறந்த பக்தி அன்றாட ஒழுக்கத்தில் வெளிப்பட்டே தீர வேண்டும் என்று அங்கே போதிக்கப்பட்டதையும் கண்டோம். பிராங்கே மறைந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் அந்த ஸ்தாபனத்திற்கு வந்து சேர்ந்த ஒரு மாணவர், அந்தப் போதனையை எடுத்துக்கொண்டு கடல் கடந்து சோழ நாட்டுக்கு வந்து, நாற்பத்தேழு ஆண்டுகளுக்கு மேல் தம் தாய்நாட்டைத் திரும்பியும் பாராமல் வாழ்ந்து, தஞ்சாவூர் மண்ணிலேயே அடங்கினார். அவர்தாம் கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் என்னும் சுவார்ட்ஸ் ஐயர். அவருக்குச் சாட்சி சொன்னவர்கள் தஞ்சை நாட்டுக் குடியானவர்கள். அவர்கள் அதை வாயால் சொல்லவில்லை, தங்கள் எருதுகளை ஓட்டி வந்து சொன்னார்கள்.

நெல் விளையும் நாட்டில் பட்டினி

ஹைதர் அலியின் சேனைகள் 1780-ஆம் ஆண்டு கர்நாடகத்துச் சீமைக்குள் புகுந்தன. அடுத்த ஆண்டுக்குள் தஞ்சை நாடும் அவற்றின் குளம்படிக்கு உள்ளாயிற்று. அந்நாட்டுக்கு அது முதல் துன்பமன்று. 1771-இல் ஒருமுறையும் 1773-இல் மறுமுறையும் ஆர்க்காட்டு நவாபின் பொருட்டு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினிப் படைகள் தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டன; இரண்டாம் முற்றுகையில் கோட்டை விழுந்து, மராட்டிய அரசர் துளஜாஜி சிறைப்பட்டு, நாடு நவாபின் கைக்குப் போயிற்று. கும்பினியாரின் மனம் மாறி 1776-இல் அரசருக்கு நாடு திரும்பக் கிடைத்தபோது, அவருக்குக் கிடைத்தது சிம்மாசனமும் கடன் சுமையுமே. யார் ஆண்டாலும் வரி கொடுக்க வேண்டியவன் குடியானவன். யார் தோற்றாலும் தண்டம் கட்டியவனும் அவனே.

இந்த நிலையில் கோட்டைக்குள் தானியம் தீர்ந்தது. பசியால் மெலிந்த சிப்பாய்கள் நின்ற இடத்திலேயே சுருண்டு விழுந்தார்கள். பொழுது விடியும்போதெல்லாம் வீதி ஓரங்களில் பிணங்கள் கிடந்தன. காவேரி பாய்கிற நாட்டின் தலைநகரில் இப்படி ஒரு க்ஷாமம் நேர்ந்ததற்குக் காரணம் நெல் விளையாமற் போனதன்று. நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. அதைக் கோட்டைக்குக் கொண்டுவர எருதுகள்தாம் இல்லை. எருதுகளும் உண்மையில் இல்லாமற் போகவில்லை, அவற்றை அனுப்புவதற்கு உடையவர்களுக்கு மனம் இல்லை. முன்பு நெல் கொண்டுவந்தவர்களுக்குச் சேர வேண்டிய பணத்தை இடையில் நின்ற துபாஷிகள் விழுங்கிவிட்டபடியால், அரசர் கட்டளையிட்டும் ஆள் அசையவில்லை. கெஞ்சிக் கேட்டும் ஒரு வண்டி உருளவில்லை.

அப்போது அரசர் ஆங்கிலேய அதிகாரி ஒருவரிடம், நீங்களும் நாமும் நாணயத்தை இழந்துவிட்டோம், சுவார்ட்ஸ் ஐயரையாவது இந்த ஜனங்கள் நம்புகிறார்களா பார்ப்போம் என்ற கருத்துப்படச் சொல்லி, ஒன்றும் எழுதப்படாத ஒரு காகிதத்தை ஐயரிடம் அனுப்பினார். குடிகளோடு எந்த உடன்படிக்கை வேண்டுமானாலும் செய்து அதில் எழுதிக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். ஓர் அரசர் தம் அதிகாரம் முழுவதையும் ஒரு வெற்றுக் காகிதமாக்கி அயல்நாட்டுப் போதகர் ஒருவர் கையில் கொடுப்பது சரித்திரத்தில் அடிக்கடி நிகழ்வதன்று.

ஆனால், அந்தக் காகிதத்தால் காரியம் ஆகாது என்பதை ஐயர் அறிவார். அரச முத்திரைக்கு மதிப்பு இருந்திருக்குமானால் எருதுகள் முன்னமே வந்திருக்குமல்லவா? ஆகையால் அவர் தம் பெயரால் சுற்றுப்புற ஊர்களுக்கெல்லாம் கடிதம் விடுத்தார். கொண்டுவருகிற ஒவ்வொருவருக்கும் தம் கையாலேயே பணம் கொடுப்பதாகவும், வழியில் எந்த எருதையாவது பகைவர் பிடித்துக்கொண்டால் அதற்கும் கிரயம் கொடுப்பதாகவும் அவற்றில் வாக்களித்தார். ஒன்றிரண்டு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட எருதுகள் வந்து சேர்ந்தன. ஓர் உபதேசியாரும் சில கிறிஸ்தவர்களும் உயிரைப் பணயம் வைத்து அவற்றை ஓட்டிக்கொண்டு நாட்டுப்புறம் சென்று, மிகக் குறுகிய காலத்தில் 80,000 கலம் நெல்லைக் கோட்டைக்குள் சேர்த்தார்கள். கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்பது அக்காலத் தஞ்சைக் கணக்கு. கோட்டை பிழைத்தது.

அதன்பின் நிகழ்ந்ததே நமக்கு முக்கியம். ஆபத்து நீங்கியதும் ஐயர் நெல் கொண்டுவந்தவர்களை வரவழைத்து, தம்மிடம் இருந்த பிறருடைய பணத்தையும் எடுத்துச் சேர்த்து, ஒவ்வொருவருக்கும் சேர வேண்டியதைக் கொடுத்துத் தீர்த்து, மேலும் சிறிய சன்மானமும் அளித்து வீட்டுக்கு அனுப்பினார். ஆபத்துக் காலத்தில் வாக்குக் கொடுப்பவர்கள் அநேகர்; ஆபத்து நீங்கின மறுநாள் பணப்பையை அவிழ்க்கிறவர்கள் சிலரே.

இந்தச் செய்தியை அவர் தாமாக எங்கும் சொல்லித் திரியவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். 1793-இல் இங்கிலாந்துப் பார்லிமெண்டில் அங்கத்தினர் ஒருவர், தென்னாட்டு மிஷன்களையும், அவற்றில் சேர்ந்த கிறிஸ்தவர்களையும் இழிவாகப் பேசினார் என்ற செய்தி தஞ்சைக்கு எட்டியபோது, தம் சபையார் மேல் விழுந்த பழியைத் துடைக்கும் பொருட்டே ஐயர் தம் மிஷனை ஆதரித்த லண்டன் சங்கத்தாருக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். அதிலேதான் இந்தச் சம்பவம் வெளிவந்தது. அதிலும், உயிரைப் பொருட்படுத்தாமல் ஊர் ஊராகச் சென்றவர்கள் சுதேசக் கிறிஸ்தவர்களே என்பதைச் சொல்லத் தவறவில்லை.

சிறுகச் சிறுகச் சேர்ந்த செல்வாக்கு

கேட்டவுடன் ஆயிரம் எருதுகள் வருவதற்கு, கேளாத முப்பது ஆண்டுகள் காரணமாயிருந்தன. பிராந்தன்பூர்க்கு நாட்டுச் சோனன்பூர்க்கு என்னும் சிற்றூரில் 1726-இல் பிறந்த சுவார்ட்ஸ், தமிழ் வேதாகமத்தை அச்சிடும் வேலைக்கு உதவும் பொருட்டு ஹாலேயிலேயே தமிழ் எழுத்துகளைக் கற்று, 1750-இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே உழைத்தபின் திருச்சிராப்பள்ளிக்கும், பின்னர்த் தஞ்சைக்கும் சென்றார். தமிழோடு போர்த்துகேசியமும் இந்துஸ்தானியும் பாரசீகமும் மராட்டியும் அவருக்கு வசமாயின. அரசரோடு அரசர் பாஷையில் பேசியவர், கூலிக்காரரோடு கூலிக்காரர் பாஷையில் பேசினார்.

திருச்சிராப்பள்ளியில் அவரைக் கண்டு பழகிய வில்லியம் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர், அவர் வாழ்ந்த விதத்தை எழுதி வைத்திருக்கிறார். ஒரு பழைய இந்துக் கட்டடத்தில் அவருக்கு ஓர் அறை. அது அவருடைய கட்டிலும் அவரும் இருக்கும் அளவுக்கே இடமுள்ளது. உயரமான மனிதர் அதில் நிமிர்ந்து நிற்க முடியாது. உணவு, இந்நாட்டு முறைப்படி சமைத்த சோறும் காய்கறியும். உடை, கறுப்புச் சாயம் தோய்த்த பருத்தித் துணி. வருமானம் மாதத்துக்குப் பத்து வராகன், அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 48 பவுன். கும்பினி உத்தியோகஸ்தர்களில் சிறியவர்களும்கூட இரண்டொரு வருஷத்தில் பெருஞ்செல்வம் சேர்த்துக்கொண்டு கப்பலேறிய காலம் அது. அரசர்களுடைய கடன் பத்திரங்களே வியாபாரச் சரக்காக விலைபோன நாட்கள். அந்தக் கூட்டத்தின் நடுவே ஒரு வெள்ளைக்காரர் சோறும் காய்கறியும் உண்டு, குனிந்து நுழைய வேண்டிய அறையில் குடியிருப்பதைக் குடியானவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பிரசங்கத்தை அவன் கேட்டானோ இல்லையோ, அந்த அறையைக் கண்டான்.

இதைத் துறவென்று சொல்லிவிடுவது எளிது. ஆனால், ஐயர் தரித்திரத்தைத் தேடித் திரிந்தவர் அல்லர். பின்னாளில் கும்பினியார் படைப்பிரிவின் போதகராக அவருக்கு ஆண்டுக்கு 100 பவுன் அளித்தபோது பெற்றுக்கொண்டார். ஆனால், தமக்கென்று வந்த பணமும் வேறொருவர் பொருட்டு வந்ததே என்ற நினைவோடு அதைச் செலவிட்டார். மரிக்கும்போது தம்மிடம் எஞ்சியதையெல்லாம் மிஷனுக்கும் ஏழைகளுக்கும் எழுதி வைத்தார். பணத்தைத் தீண்டாதிருப்பதைவிட, பணம் கையில் புரளும்போது அதற்கு அடிமையாகாதிருப்பது கடினமான ஒழுக்கம். கணக்கு எழுதியவர்களுக்கு இது தெரியும்.

ஹைதர் அளித்த முந்நூறு ரூபாய்

1779-இல் சென்னைக் கவர்னர் சர் தாமஸ் ரம்போல்டு, சுவார்ட்ஸ் ஐயரை ஹைதர் அலியிடம் சமாதானத் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினார். ஹைதர் கும்பினித் தூதர்களைச் சற்றும் நம்பாதவர். ஆனால், இந்தக் கிறிஸ்தவர் தம்மை வஞ்சிக்க மாட்டார், இவரை அனுப்பினால் பார்க்கலாம் என்று அவர் கூறியதாக வழங்கும் செய்தி பிரசித்தமானது. ஐயரோ சமாதானம் பேசுவது போதகனுக்குரிய வேலையே என்று கருதிச் சம்மதித்தார். தர்பாரில் ஹைதருடைய பக்கத்தில் கம்பளத்தின்மேல் அமர்ந்து பேசினார். எழுதப் படிக்கத் தெரியாத அம்மன்னர் கடிதங்களைப் படிக்கச் செய்து கேட்டு, விடையைத் தம் வாயாற் சொல்லி, எழுதியதை மீண்டும் படிக்கச் செய்து கேட்டு முத்திரையிட்டதை வியப்போடு கண்டு தம் குறிப்பில் எழுதினார். ஓய்ந்த வேளைகளில், ஹைதரின் சேனையில் இருந்த ஐரோப்பியருக்கும் தமிழருக்கும் அவரவர் பாஷையில் உபதேசம் செய்தார், எவரும் தடுக்கவில்லை.

விடைபெறும்போது வழிச்செலவுக்கென்று ஹைதர் 300 ரூபாய் கொடுத்தார். ஐயர் மறுத்தார், மறுப்பது மன்னரை அவமதிப்பதாகும் என்று அரண்மனையார் சொல்லவே வாங்கிக்கொண்டார், சென்னைக்குத் திரும்பியதும் அந்தத் தொகையைக் கவர்னரின் சபையார் முன் வைத்துவிட்டார். தூதராகச் சென்றவருக்குக் கிடைத்தது அனுப்பியவர்களுக்கே உரியது என்பது அவருடைய நியாயம். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் வற்புறுத்தியபோது, தஞ்சையில் ஏழை ஆங்கிலேயப் பிள்ளைகளுக்கு ஒரு தருமப் பள்ளிக்கூடம் ஏற்படுத்த அதை மூலதனமாக வைத்தார். கும்பினியாரிடமோ பிரயாணச் செலவுக்கு மேல் எதையும் பெறவில்லை.

தூது பலிக்கவில்லை, மறு வருஷமே யுத்தம் மூண்டது. ஐயர் மெய்யாகவே சமாதானத்தை நாடிச் சென்றார். அவரை அனுப்பியவர்களுக்கு அந்த நாட்டம் எவ்வளவு இருந்தது என்பது வேறு விஷயம். இருந்தும், கர்நாடகத்தைக் கொளுத்திக்கொண்டு வந்த சேனைத் தலைவர்களுக்கு, இந்தப் பெரியவரைத் தடுக்காமல் எங்கும் போக விட வேண்டும், இவர் நமக்குத் தீங்கு நினையாதவர் என்று ஹைதரே கட்டளையிட்டிருந்தார். பகைவர் பாளையத்தின் வழியாகவும் அவர் தடையின்றி நடந்து செல்ல முடிந்ததன் இரகசியம் வேறொன்றுமில்லை. அனுப்பியவர்களுடைய கபடத்தில் தூதருக்குப் பங்கில்லை என்பதை, ஏமாற்றப்பட்டவரே உணர்ந்திருந்தார்.

குறையும் நிறைவும்

இவ்வளவும் சொன்னபின் இன்னொரு பக்கத்தை மறைப்போமானால், சத்தியத்தைப் பற்றி எழுத நமக்கு யோக்கியதை இல்லை. தஞ்சைச் சபையில் வெள்ளாளர் ஒரு புறமும் ஆதிதிராவிடர் ஒரு புறமுமாக அமர்ந்து ஆராதித்தார்கள். சுவார்ட்ஸ் ஐயர் அதைப் பொறுத்துக்கொண்டார். காலப்போக்கில் பேதம் தானாகவே தேய்ந்துவிடும் என்பது அவருடைய எண்ணம். அது தேயவில்லை, வேரூன்றியது. அவர் மறைந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1833-இல், பிஷப் தானியேல் வில்சன் திருச்சபைக்குள் ஜாதி கூடவே கூடாதென்று கண்டிப்பாக உத்தரவிட்டபோது, தஞ்சைக் கிறிஸ்தவர் பலர் சபையை விட்டே விலகினார்கள். பொறுமை என்ற நற்குணம் எந்த இடத்தில் அநீதிக்குத் துணை போகத் தொடங்குகிறது என்பதை, முப்பது வருஷம் பணக்கணக்கில் ஒரு காசு பிசகாத மனிதராலும் சரியாகக் காண முடியவில்லை.

அரசியல் காரியங்களிலும் அவர் யோசனை எப்போதும் நன்மையில் முடியவில்லை. 1787-இல் மரணப் படுக்கையில் இருந்த துளஜாஜி, தாம் சுவீகாரம் எடுத்த பத்து வயதுச் சிறுவர் சரபோஜியை ஐயர் கையில் ஒப்படைக்க விரும்பினார். ராஜ்யத்தைத் தம் கைக்குள் வைத்துக்கொள்ள அதைவிடச் சிறந்த வாய்ப்பு ஒருவருக்கு வாய்க்காது; ஐயர் அதை ஏற்காமல், அரசருடைய சகோதரர் அமர்சிங்கையே பொறுப்பாளராக்கும்படி சொன்னார். அமர்சிங்கோ பின்னர்த் தாமே அரசராகி, சிறுவரைக் கல்வியும் சுதந்திரமும் இல்லாமல் அடைத்து வைத்தார். ஐயர் தம் யோசனையின் விளைவை விதியென்று விட்டுவிடவில்லை. சிறுவருக்காகக் கும்பினியாரிடம் ஓயாமல் மன்றாடி, 1793-இல் அவரைச் சென்னைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கச் செய்து, கல்விக்கு வழி செய்து, அவருடைய உரிமை நிலைபெறப் பாடுபட்டார். 1798 பிப்ரவரி 13-ஆம் தேதி ஐயர் தஞ்சையில் காலமானார். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் சரபோஜி அரியணை ஏறினார்.

சரபோஜி கிறிஸ்தவராகவில்லை. தம் முன்னோர் வழிபட்ட தெய்வங்களையே கடைசிவரை வழிபட்டார். ஆயினும், பிளாக்ஸ்மன் என்னும் புகழ்பெற்ற ஆங்கிலேயச் சிற்பியைக் கொண்டு சலவைக்கல்லில் ஒரு நினைவுச் சின்னம் செய்வித்துத் தஞ்சைச் சிவகங்கைத் தோட்டத்தை ஒட்டிய ஆலயத்தில் வைத்தார். மரணப் படுக்கையில் கிடக்கும் ஐயரின் கையை அரசர் பற்றியிருக்கும் காட்சியை இன்றும் அங்கே காணலாம். கல்லறைக்கு ஆங்கிலத்தில் ஒரு செய்யுளையும் தாமே இயற்றினார். தம் கைக்குள் வளர்ந்த இளவரசரை மதம் மாற்ற முடியாமற்போனது ஐயருக்குத் தோல்வியே என்று அக்காலத்தில் சிலர் எண்ணியிருக்கலாம். ஆதரவற்று நின்ற சிறுவனிடம் தமக்கிருந்த செல்வாக்கைக் கொண்டு அவன் மனச்சாட்சியை நெருக்காமல் விட்டதும் அந்த விசுவாசத்தின் பாற்பட்டதே என்பது நம் அபிப்பிராயம்.

நமக்கு வரும் கேள்வி

கிறிஸ்து மார்க்கத்தை உண்மையாய் அநுசரிப்பது எவ்வாறு என்று கேட்பவர்களுக்கு உபவாசம், ஜெபம், வேதவாசிப்பு, ஆலய ஆராதனை என்று ஒரு பட்டியல் உடனே கிடைத்துவிடும். அவை வேண்டாதவை என்று எவரும் சொல்லார். சுவார்ட்ஸ் ஐயர் அவற்றில் எதையும் குறைத்தவரும் அல்லர். ஆனால், மலைப் பிரசங்கத்திலே ஆணையிடுவதையே விலக்கியிருப்பதன் கருத்து யாது? ஆணையிட்டால்தான் நம்புவேன் என்று பிறர் கேட்கும்படியான நிலைமையில் சீஷன் வாழலாகாது என்பதன்றோ? அரசர் கொடுத்த வெற்றுக் காகிதத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, நான் தருகிறேன் என்று ஒரு மனிதர் எழுதியதும் ஒரு நாடே நம்பியது என்றால், அந்தப் போதனை தஞ்சை ஜில்லாவில் ஒருமுறை சோதித்துப் பார்க்கப்பட்டு மெய்யென்று நிரூபிக்கப்பட்டது என்றே கொள்ள வேண்டும்.

இன்று நம் சபைகளுக்குப் பள்ளிகள் உண்டு, கல்லூரிகள் உண்டு, ஆஸ்பத்திரிகள் உண்டு, நில புலன்கள் உண்டு. ஐயருக்கு இருந்ததைக் காட்டிலும் ஆயிரம் மடங்கு சாதனங்கள் உண்டு. ஊருக்கு உபதேசிப்பதிலும் குறைவில்லை. ஆனால், அந்தச் சொத்துகளின் கணக்கைத் திறந்து வைக்கச் சொன்னால் நம் பஞ்சாயத்தார் முகம் மலர்கிறதா, சுருங்குகிறதா? பள்ளியில் இடம் கேட்டு வரும் ஏழைத் தகப்பன், கட்டணத்துக்கு மேல் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்ற நிச்சயத்தோடு வாசலில் நுழைகிறானா? நம்மிடம் வேலை செய்யும் கொத்தன், இவர்கள் கிறிஸ்தவர்கள், சனிக்கிழமை மாலை கூலி தவறாது என்று மற்றக் கொத்தனிடம் சொல்கிறானா, அல்லது வேறு விதமாகச் சொல்கிறானா? ஆலயத்தின் பலகைகளில் முன் வரிசை எவருக்கு என்பது முற்றிலும் மறந்துபோன விஷயமாகிவிட்டதா? இவற்றுக்கு விடை நம்மிடம் இல்லை. அது அயலாரிடம் இருக்கிறது. ஆண்டுக்கொருமுறை சபைக் கூட்டத்தில் நம்மைப் பற்றி நாமே வாசிக்கும் அறிக்கையை ஒதுக்கிவிட்டு, அவர்களிடம் போய்க் கேட்கும் துணிவு நமக்கு வேண்டும். கேட்டபின், தர வேண்டியது எதுவாயினும் அதைத் தம் கையாலேயே தீர்த்த அந்த வயோதிகரைப் போல, நாமும் பணப்பையை அவிழ்க்க வேண்டும்.

அடுத்த வாரம்: சுவார்ட்ஸ் ஐயர் ஞானஸ்நானம் தர மறுத்தும் மனம் சலியாமல் காத்திருந்து, 1778-இல் அதைப் பெற்று, பாளையங்கோட்டையில் ஆலயம் எழுப்பிய குளோரிந்தா அம்மையார்.

(தொடரும்)